பொம்மைக்கு முதுகு வலிக்காது

நான் தினமும் வேலை பார்க்கும் இயந்திரத்தை இதுவரை நான் தொட்டதில்லை. யாரும் தொட்டதில்லை, அது இன்னும் செய்யப்படவே இல்லை. ஆள் நீளத்துக்கு ஒரு குழாய். அதற்குள் தலை முதல் பாதம் வரை ஒரு மனிதர் முழுதாகப் படுக்கலாம். புற்றுநோய் உடம்புக்குள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டிவிடும். பெட் ஸ்கேனர் என்று சொல்வார்களே, அதன் நீண்ட வடிவம். அப்படிப்பட்டவை வசதியுள்ள நாடுகளில் சில இருக்கின்றன. நம்மைப் போன்ற ஊர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒன்றைச் செய்தால் அது எப்படி வேலை செய்யும் என்று கணினியில் போலியாக ஓட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில், சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரிக்குப் போய் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் இதை விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, அக்கா, நான்.

"அந்த நீள மிஷினு எங்கடா இருக்கு?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா."

"அதுல ஆளு படுக்க முடியாதா?"

"முடியாது. பொம்மைதான் படுக்கும்."

"பொம்மைக்கு என்னடா நோவு?"

அக்கா சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து சிரித்தாள். "ஏட்டுச் சுரைக்காய்ம்மா அது. கறிக்கு ஒதவாது. நீ கொழம்ப ஊத்து."

அதற்குப் பிறகு என் ஆராய்ச்சிக்கு எங்கள் வீட்டில் சுரைக்காய் என்றே பெயர். கல்லூரிக்குக் கிளம்பும்போது, "என்னடா, சுரைக்கா எந்த மட்டுல இருக்கு?" என்பாள் அக்கா. எனக்குக் கோபம் வரும். வந்து என்ன செய்ய, அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். நோயாளியின் உடம்பில் ஏற்றும் மருந்து ஒருவகைச் சர்க்கரை. அதோடு கொஞ்சம் கதிரியக்கம் ஒட்டியிருக்கும். புற்று எப்போதும் பசியோடு இருப்பது, சர்க்கரையைக் கண்டால் அள்ளிக்கொள்ளும். அங்கிருந்து இரண்டு துகள்கள் ஒரே நேரத்தில் நேர் எதிர்த் திசைகளில் புறப்படும். சுற்றியிருக்கும் படிக வளையம் இரண்டையும் பிடித்தால்தான் கணக்கில் சேரும். ஒன்றைத் தவறவிட்டால் மற்றதாலும் பயனில்லை. இப்போது ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஸ்கேனரின் வளையம் ஏறக்குறைய ஒரு சாண் அகலம்தான். அதனால் உடம்பைச் சாண் சாணாக உள்ளே தள்ளித் தள்ளிப் படம் எடுக்க வேண்டும். இருபது நிமிஷம் ஆகும். வளையத்துக்கு வெளியே கிடக்கும் மற்ற உடம்பிலிருந்து கிளம்புவதெல்லாம் அந்த நேரத்தில் வீணாகச் சுவரில் போய் முட்டும். நீள ஸ்கேனரில் வீணாவது குறைவு. பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

விலை முழுவதும் படிகத்தில்தான் இருக்கிறது. ஆகவே வளையம் விட்டு வளையம் காலியாக விட்டால் என்ன ஆகும் என்பது என் கேள்வி. பாதிப் படிகத்தை எடுத்தால் பாதிதான் நஷ்டம் என்று நினைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பிடிபட வேண்டும் அல்லவா, ஜோடிகள் கால்வாசியாகிவிடும். ஆனாலும் நீளத்தால் வரும் லாபம் பெரிது. அந்தக் கால்வாசியே பழைய ஸ்கேனரைத் தாண்டிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கணினி ஒவ்வொரு துகளுக்கும் தாயம் உருட்டுவது போல உருட்டிப் பார்க்கும்: எந்தப் பக்கம் போகும், எந்த எலும்பில் இடித்துத் திரும்பும், எந்தப் படிகத்தில் விழும். கோடிக்கணக்கில் உருட்ட வேண்டும் என்பதால், நிஜத்தில் ஒரு நிமிஷம் ஆகும் ஸ்கேன் என் கணினியில் வாரக்கணக்கில் ஓடும்.

"ஒரு நிமிச வேலைக்கு ஒரு மாசமா? கவர்மெண்ட் ஆபீசே தோத்துச்சு போ" என்பாள் அக்கா.

அந்தக் குழாய்க்குள் நான் படுக்க வைத்திருந்த பொம்மைக்கு ஈரல் உண்டு, நுரையீரல் உண்டு, எலும்பெல்லாம் கச்சிதமாக உண்டு. கைகள் தலைக்கு மேல் தூக்கியபடி இருக்கும். எத்தனை வாரம் ஓடினாலும் அது அப்படியே கிடக்கும்.

அக்காவுக்கு நேர்மாறான பொம்மை அது. சும்மா இருக்கத் தெரியாதவள் அவள். நேரு வீதியில் ஒரு செருப்புக் கடையில் அவளுக்கு வேலை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருபவர்களின் பாதத்தைப் பிடித்து அளவு பார்த்து, எழுந்து ஏணியில் ஏறிப் பெட்டியை எடுத்து, இறங்கி மறுபடி உட்கார்ந்து என்று நாள் முழுக்கப் பம்பரம்தான். முகங்களை மறந்துவிடுவாள், பாதங்களை மறக்க மாட்டாள். கடற்கரையில் நடந்துகொண்டிருப்போம், எதிரே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் கம்பீரமாக வருவார். "பெரிய மனுசருதான். எடது காலுல ஆணி. ஒரு சைஸ் பெருசா குடுத்தேன்" என்று என் காதில் சொல்வாள்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு அக்கா கடைக்குப் போக ஆரம்பித்தாள், நான் படித்துக்கொண்டே இருந்தேன். எனக்காகத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் உருகுவார்கள். அதை அவள் எதிரில் சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "எனக்கு எவனையும் புடிக்கல, அவ்ளோதான். இவனுக்காக நான் எதுக்குக் காத்துக் கெடக்கணும், இவன் என்ன பஸ்ஸா?"

அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை என்பதால் அவள் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு முதுகு வலித்தது. ஏணி ஏறுவதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். கடைசியில் நிணநீரில் புற்று என்றும், அது முதுகெலும்பு வரை இறங்கியிருக்கிறது என்றும் தெரிந்தது. மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, கடைக்குப் போவது நின்றது. மருந்து முடிந்ததும், நோய் போய்விட்டதா இருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

அதில்தான் தோற்றாள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கட்டையாக இருக்கும் மெல்லிய பலகையில் மல்லாந்து, அசையாமல் இருபது நிமிஷம். நோய் தின்ற முதுகெலும்புக்கு அது யுகம். பாதி நேரத்துக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. நெளிந்தாள், இடுப்பைத் தூக்கினாள். படத்தில் முதுகின் கீழ்ப்பகுதி இரட்டை இரட்டையாக, தண்ணீர் பட்ட மை போலக் கலங்கித் தெரிந்தது.

எங்களைப் பார்த்த டாக்டரம்மா நிதானமானவர். "இத வச்சு நான் எதையும் சொல்ல முடியாதுங்க" என்றார். "முதுகுல தெரியுறது நோயா, இவங்க அசைஞ்சதால வந்ததான்னு புரியல. நோய் இல்லன்னா மருந்த இத்தோட நிறுத்திடலாம். இருந்துச்சுன்னா சென்னைக்கு அனுப்பி வேற வைத்தியம் பாக்கணும், அது இன்னும் கடுமையா இருக்கும். ரெண்டுல எதுன்னு தெரியாம எதையும் செய்ய முடியாது. இன்னொரு தடவ எடுக்கணும். அசையாம இருக்கணும்."

மயக்கம் கொடுத்து எடுக்க முடியாதா என்று கேட்டேன். மருந்துகள் அவள் இதயத்தையும் கொஞ்சம் பதம் பார்த்துவிட்டிருந்தன, அதனால் வேண்டாம் என்றார். வலி மாத்திரை கூட்டித் தருகிறேன், மீதியை அக்காதான் தாங்க வேண்டும் என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா கேட்டாள். "டேய், ஒன் மிஷினா இருந்தா எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷம். மிஞ்சினா ரெண்டு."

"ரெண்டு நிமிசம்னா தலகீழாகூட நிப்பேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "நல்லா வெளையவச்ச சுரைக்காய" என்றாள். வழக்கமான கேலிதான். ஆனால் இந்த முறை அவள் சிரிக்கவில்லை, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என் வேலை மேலேயே எனக்கு அன்று வெறுப்பு வந்தது. உலகத்தில் எந்த நோயாளிக்காக நான் இத்தனை வருஷம் தாயம் உருட்டிக்கொண்டிருந்தேனோ அந்த நோயாளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு மயிரும் இல்லை.

கையில் இருந்ததை வைத்துத்தான் எதையும் செய்ய முடியும். என் கையில் பொம்மைதான் இருந்தது. அன்று பலகையில் எப்படி எப்படி அசைந்தாய் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் படுத்துக் காட்டினாள். அதையெல்லாம் அப்படியே பொம்மைக்குக் கொடுத்தேன். அசையாத பொம்மை முதல் முறையாக நெளிந்தது. சாண் அகல ஸ்கேனரில் அதைப் போட்டு ஓட்டினேன். முழு உடம்பு வேண்டாம், முதுகும் இடுப்பும் போதும் என்று சுருக்கிக்கொண்டதால் சில நாட்களில் படம் வந்தது. அக்காவின் படத்தில் இருந்த அதே கலங்கல் அதே இடத்தில் இருந்தது. நீள ஸ்கேனரிலும் ஓட்டினேன். நெளிவதற்குள் படம் முடிந்துவிட்டதால் சுத்தமாக இருந்தது. வேறு யாருடைய முதுகாக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பேன்.

பொம்மை அசைவதை அக்காவுக்கு மடிக்கணினியில் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "எங்காலுதான்டா இது" என்றாள். பிறகு, "மறுபடி போடு." மறுபடி போட்டேன். "பாரு, எடது பாதம் வெளிப்பக்கமா சாயுதில்ல, அதான் மொதல்ல நடக்குது. அது சாஞ்சா தொடை திரும்புது. தொடை திரும்புனா இடுப்ப இழுக்குது. அப்பதான் எனக்கு உசுரு போவுது. பாதம் சாயாம இருந்தா நான் கெடந்துடுவேன்."

பாதத்தைப் பற்றி அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வீட்டிலேயே பழகிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். கூடத்தில் பெஞ்சைப் போட்டோம். "வடக்க தல வெக்காத" என்று அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னாள், திருப்பிப் போட்டோம். மேலே குழாய் மாதிரி இருக்கட்டும் என்று என் மேசையை இழுத்து அவள் நெஞ்சுக்கு மேல் வரும்படி நிறுத்தினேன். அக்கா வெள்ளைத் துப்பட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு, கைகளை மேசைக்கு அந்தப் பக்கமாகத் தூக்கிப் படுத்தாள். போனில் நேரம் வைத்தேன். பாதம் சாய்ந்தது. தலையணையை முட்டுக் கொடுத்தேன், அதையும் தள்ளிக்கொண்டு சாய்ந்தது. கணுக்காலைத் துணியால் சேர்த்துக் கட்டினேன், கணுக்கால் நின்றது, பாதம் சாய்ந்தது.

"கட்ட வெரல ரெண்டையும் சேத்துக் கட்டுடா" என்றாள் அக்கா. "அப்ப எங்க போவுது பாக்கலாம்."

புண்ணுக்குச் சுற்றும் துணி இருந்தது. கட்டினேன். பாதங்கள் இரண்டும் நேராக நின்றன. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. அவள் அசையவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கைகளும் முகமும் தெரியாது. வெள்ளைத் துப்பட்டியும், அதற்கு வெளியே சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைவிரல்களும்தான் தெரியும்.

உயிர் போனதும் உடம்பு விறைக்கும் முன்பு கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு நானே கட்டியிருக்கிறேன். துணியைக் கையில் எடுத்தபோது அது எனக்கு நினைவு வரவே இல்லை. அக்காவுக்கும் வரவில்லை. அசையாமல் இருக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர எங்கள் இருவர் கண்ணிலும் வேறு எதுவும் படவில்லை.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் அறைந்தாள். நான் வளர்ந்த பிறகு அவள் கை என் மேல் பட்டது அன்றுதான். "உசுரோட கெடக்குற புள்ளைக்கு எவன்டா இப்பிடிக் கட்டுவான்? படிச்சியே, இதத்தான் படிச்சியா?" குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது இறுகிக்கொண்டது. பல்லால் கடித்து அறுத்தாள்.

"நாந்தாம்மா கட்டச் சொன்னேன்" என்றாள் அக்கா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து.

அம்மா அவளைத் தலைக்குக் குளிக்க வைத்தாள். உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தத் துணியைத் தெருக்கோடி வரை கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தாள். கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது பெஞ்சு மறுபடி கூடத்தில் இருந்தது. மேசை இல்லை. துப்பட்டி வெள்ளை இல்லை, பூப்போட்டது. கால்மாட்டில் முக்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பாதங்கள் இரண்டும் அவள் கைகளுக்குள் சேர்ந்திருந்தன.

"நேரம் பாருடா" என்றாள் என்னிடம், நேற்று எதுவுமே நடக்காதது போல.

"கூச்சமா இருக்கும்மா" என்றாள் அக்கா. "எங்கால இதுவரைக்கும் எவரும் புடிச்சது கெடையாது."

"பொறந்தப்ப நான் புடிக்கலையா? பேசாத, அசையுது."

பிடித்திருப்பவள் அம்மா என்பதாலோ என்னவோ, அக்கா கிடந்தாள். முதலில் பத்து நிமிஷம், பிறகு பன்னிரண்டு என்று ஏறியது. வலி வரும்போது அம்மாவின் கைக்குள் அவள் கால் விரல்கள் மட்டும் சுருங்கும், அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பாள். இருபது நிமிஷம் முழுதாக அவள் கிடந்த அன்று நான் கடைக்குப் போய்க் கேக் வாங்கி வந்தேன். அவளுக்கு நாக்கில் ருசியே இல்லை. ஆனாலும் ஒரு துண்டு தின்றாள்.

ஸ்கேன் நாள் வந்தது. அந்தச் சர்க்கரை மருந்து சென்னையிலிருந்து விடியற்காலையில் காரில் புறப்பட்டு வரும், அதன் கதிரியக்கம் வழியிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துபோகும். ஆகவே அது வந்து சேரும் நேரத்துக்கு நாம் தயாராக இருக்க வேண்டும். அக்கா வெறும் வயிற்றோடு காத்திருந்தாள். ஊசி போட்டு, தனி அறையில் ஒரு மணி நேரம் படுக்கவைத்து, பிறகு ஸ்கேன் அறைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா அவளுக்குப் பின்னாலேயே எழுந்தாள்.

"நீங்க இங்கயே இருங்கம்மா" என்றார் டெக்னீஷியன். என் வயதுக்காரர், தன்மையானவர்.

"நான் காலப் புடிச்சிக்கணும்ப்பா."

"உள்ள எக்ஸ்ரே வரும்மா. யாரும் கூட இருக்கக் கூடாது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இது எனக்கு முன்பே தெரியும். பழகினால் அன்றைக்குத் தானாகவே கிடந்துவிடுவாள் என்று நினைத்து அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். பிடிக்கக் கை இல்லாமல் அக்காவால் முடியாது என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"கால் அசையாம ஸ்டிராப் போட்டுடறேன், பயப்படாதீங்க" என்று டெக்னீஷியன் ஒரு பட்டையை எடுத்தார். கணுக்காலுக்குப் போடும் அகலப் பட்டை.

"அது நிக்காதுங்க" என்றாள் அக்கா மெதுவாக. "கட்ட வெரலத்தான் கட்டணும்." சொல்லிவிட்டு அம்மா பக்கம் பார்க்காமல் நின்றாள்.

அம்மா பையிலிருந்து துண்டாக வைத்திருந்த பழைய புடவைத் துணியை எடுத்து, அதன் ஓரத்தைப் பல்லில் வைத்து நீளமாக ஒரு நாடா கிழித்தாள். "கட்டிட்டு வெளிய வந்துடறேன்ப்பா. அதுக்காவது விடு" என்றாள். டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பக்கத்தில் நிற்பதால் ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரியும். தலையாட்டினார்.

கதவு திறந்திருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அக்கா பலகையில் படுத்துக் கைகளைத் தூக்கிக்கொண்டாள். அம்மா கால்மாட்டில் நின்று பாதங்களைத் துடைத்தாள், சேர்த்தாள், இரண்டு கட்டைவிரல்களையும் அந்த நாடாவால் சுற்றினாள். ஒரு நுனியை வெளியே நீளமாக விட்டுச் சுருக்கு முடிச்சுப் போட்டாள்.

"பொணத்துக்குத்தான் அறுக்குற முடிச்சு" என்றாள், அக்காவுக்கும் எனக்கும் அந்த மிஷினுக்கும் சேர்த்துச் சொல்வது போல. "இது சுருக்கு. இழுத்தா வந்துடும். கொஞ்ச நேரந்தான்டி. அசையாம கெட. நான் வந்து அவுத்துடறேன்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், இரண்டு கைகளையும் மடியில் குவித்து, உள்ளே பாதம் இருப்பது போலவே பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். உள்ளே இப்போது தலை, இப்போது கழுத்து, இப்போது நெஞ்சு என்று சாண் சாணாக நகர்வதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டெக்னீஷியன் வெளியே வந்து சிரித்தார். "சூப்பரா இருந்தாங்க. ஆனா எறங்க மாட்டேங்குறாங்க. முடிச்ச அவுக்கப் போனேன், 'இருங்க, எங்கம்மா வரணும்'னு சொல்றாங்க."

அம்மா போய் நுனியை இழுத்தாள். நாடா கழன்று அவள் கையோடு வந்தது.

அந்தப் படத்தைப் போல ஒரு சுத்தமான படத்தை நான் ஆராய்ச்சியில்கூடப் பார்த்ததில்லை. முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. கீழ் முதுகில் இரண்டு கண்ணிகளில் வெளிச்சம் இருந்தது. கலங்கல் இல்லை, இரட்டை இல்லை. சந்தேகப்பட இடமே இல்லாமல் இருந்தது.

"ரொம்ப நல்லா ஒத்துழைச்சிருக்கீங்க" என்று டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, "நோய் இருக்குதுங்க" என்றார்.

அக்கா திரையில் தன் முதுகைப் பார்த்தாள். "தெரிஞ்சுதுல்ல" என்றாள். "தெரியாம கெடந்ததுக்கு இது தேவல." அவள் எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படம் தெளிவாக வர வேண்டும் என்று நாங்கள் வேண்டிக்கொண்டோம். நல்ல செய்தியாக வர வேண்டும் என்று தனியாக வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம்.

சென்னையில் கடுமையான வைத்தியம் நடந்தது. கொஞ்ச காலம் நன்றாக இருந்தாள், ஒருமுறை கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டுக்கூட வந்தாள். பிறகு மருந்து எதுவும் கேட்கவில்லை. அவள் கடைசி வரை சுரைக்காயை விசாரித்துக்கொண்டுதான் இருந்தாள். என் பொம்மைக்கு இப்போது இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாயும். ஆராய்ச்சி இதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்த ஒருவர், நோயாளியின் அசைவு இடது காலில் தொடங்குவதாக எடுத்துக்கொண்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார். ஒரு நோயாளியின் அனுபவத்தை ஒட்டியது என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அக்கா ஒரு காலை நேரத்தில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது போனாள். சொந்தங்கள் வந்தார்கள். காரியம் தெரிந்த பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார். அம்மா எழுந்து அவர் கையைத் தடுத்தாள். உள்ளே போய் அந்தப் பழைய புடவை நாடாவை எடுத்து வந்தாள். அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பாதங்களைத் துடைத்தாள், சேர்த்தாள், விரல்களைச் சுற்றினாள். ஒரு நுனியை நீளமாக விட்டாள்.

"அப்பிடிக் கட்டக் கூடாதும்மா, அவுந்துடும்" என்றார் பெரியவர்.

அம்மா அக்காவின் முகத்தருகே போய்க் குனிந்து, "கொஞ்ச நேரந்தான்டி" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க நான் வர முடியாது. நீ போய் அவுத்துடு. அறுக்க வுடாத."

கருவடிக்குப்பம் சுடுகாட்டில் சடங்கெல்லாம் முடிந்து, வறட்டி அடுக்கி மூடுவதற்கு முன்பு கட்டுகளை அறுக்க வெட்டியான் கத்தியோடு வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். குனிந்து அக்காவின் பாதங்களை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் நுனியை இழுத்தேன். வந்துவிட்டது. இடது பாதம் மெல்ல வெளிப்பக்கமாகச் சாய்ந்தது.